தலையில் மாட்டும் மின்தூண்டல் ஹெட்செட்: மகனுக்கு வாங்கலாமா?

கேள்வி: என் மகன் கல்லூரியில் நீளம் தாண்டும் வீரன். மூளைக்கு லேசாக மின்சாரம் கொடுத்தால் காலில் வேகமும் பலமும் கூடுமாம். ‘ஹாலோ ஸ்போர்ட்’ என்ற ஹெட்செட்டை ஒருவர் ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாக விற்கிறார். வாங்கித் தரலாமா? ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: வாங்க வேண்டாம்.

இதன் பின்னால் அறிவியலே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பாவுலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தலையின் மேல் 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்து, தசைகளை இயக்கும் மூளைப் பகுதி எளிதில் தூண்டப்படும் தன்மையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அது வேறு, மணலில் கூடுதலாக அரை அடி தாண்டுவது வேறு. தோலும் மண்டையோடும் மின்னோட்டத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனைகளில் சிலவற்றில் குதிக்கும் உயரம் கூடியது, சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. பெரும்பாலும் சிறிய குழுக்கள்தான். 2016-ல் இந்த ஹெட்செட்டைத் தயாரித்த நிறுவனம் பெருமையாகச் சொன்ன அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர்கள் சோதனையில் இருந்தவர்களே ஏழு பேர்தான்.

இன்னொன்று கவனியுங்கள். ஆய்வில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாதிப் பேருக்கு அரை நிமிடம் மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். தலையில் அதே குறுகுறுப்பு இருக்கும், தனக்கு எது கிடைத்தது என்று அவருக்கே தெரியாது. வீட்டில் உங்கள் மகனுக்கு அது நன்றாகத் தெரியும். அன்று கொஞ்சம் அதிகம் தாண்டினால், அது கருவியால் வந்ததா, உற்சாகத்தால் வந்ததா? பிரிக்கவே முடியாது.

அப்புறம், பழைய கருவி என்பது தனிச் சிக்கல். அந்த நிறுவனத்தை 2021-ல் ஸ்வீடனின் ஃப்ளோ நியூரோசயன்ஸ் வாங்கிவிட்டது. அவர்கள் கவனம் மனச்சோர்வு சிகிச்சையில். தலையில் படும் பஞ்சு போன்ற நுரைமுனைகள் தேய்ந்தால் மாற்று யார் தருவார்கள்? போனில் ஓடும் ஆப் நின்றுபோனால் யாரிடம் கேட்பீர்கள்?

ஆபத்து என்று பார்த்தால், ஆய்வகத்தில் முறையாகக் கொடுக்கும்போது அரிப்பு, சிவத்தல், தலைவலி அளவில்தான் பெரும்பாலும் நிற்கிறது. நுரை காய்ந்திருந்தால் தோல் புண்ணாகலாம். வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகமோ உடலில் பேஸ்மேக்கரோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வீட்டில் தாமே செய்துகொள்பவர்களுக்கு மூளை ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: மின்னோட்டம் நினைத்த இடத்தோடு நிற்பதில்லை, ஆளுக்கு ஆள் விளைவு மாறும், மாற்றம் நீண்ட நாள் நிலைக்கவும் கூடும் என்று.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பொருள் வருவதற்கு முன்பே ஆர்டரை ரத்து செய்யப் பாருங்கள். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பைக் ஷூவும் சில மாதப் பயிற்சிக் கட்டணமும் வரும்.