பாப்-அப் தடுப்பு இருந்தும் விளம்பரம் குதிப்பது ஏன்?

பாப்-அப் என்பது நாம் கேட்காமலே ஒரு தளம் திறந்துவிடும் புதிய ஜன்னல் அல்லது டேப். தானாகத் திறப்பதை குரோம், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்கள் இரண்டுமே தடுத்துவிடும். ஆனால் நீங்கள் எதையாவது தொட்டதும் திறந்தால், நீங்களே கேட்டதாக எடுத்துக்கொள்ளும். பணம் கட்டும் பக்கங்கள் பலவும் அப்படித்தானே திறக்கின்றன. பால்காரருக்குக் கதவைத் திறந்தால் பின்னாலேயே சோப்பு விற்பவரும் நுழைவது போல. திருட்டுப் படத் தளங்களின் போலி 'பிளே' பட்டன் செய்வது இதைத்தான். இதற்கு யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பு நீட்சி (பிரவுசரில் நாமே சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்) வேண்டும். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் அது ஓடும்.

அப்புறம், தளத்தை மூடிய பிறகும் போனில் விளம்பரம் வந்தால் வைரஸ் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது எப்போதோ 'அனுமதி' அழுத்திய நோட்டிஃபிகேஷன்தான், பிரவுசரின் தள அமைப்புகளில் நீக்கிவிடலாம்.