சோலார் பேனல் எத்தனை, இன்வெர்ட்டர் எவ்வளவு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மொட்டை மாடியில் 550 வாட் பேனல்கள் ஆறு, அதாவது 3.3 கிலோவாட் பொருத்தச் சொல்லியிருக்கிறோம். ஆனால் இன்வெர்ட்டர் 3 கிலோவாட்தான் தருவார்களாம். 300 வாட் வீணாகாதா? (மதுரை)

பதில்: அநேகமாக வீணாகாது. பேனலின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் 550 வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலும், பேனலில் உள்ள செல்களின் (வெயிலை மின்சாரமாக்கும் தகடுகளின்) வெப்பம் 25 டிகிரியுமாக வைத்துச் சோதனைக்கூடத்தில் அளந்த எண். உங்கள் மாடியில் சித்திரை மாத நண்பகலில் செல்லின் வெப்பம் 65 டிகிரியைத் தொடும். 25-ஐத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் குறைந்து, 3300 வாட் ஏறத்தாழ 2840 ஆகிவிடும். தூசியும் கேபிள் இழப்பும் இதற்கு மேல். மழை ஓய்ந்து சட்டென்று வெயில் அடிக்கும் சில நிமிடங்களில் 3 கிலோவாட்டைத் தாண்ட வாய்ப்புண்டு. அப்போதும் இன்வெர்ட்டர் தன் அளவுக்கு மேல் இழுக்காமல் நின்றுகொள்ளுமே தவிர, எரிந்துபோகாது. ஆன்கிரிட் (மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும்) அமைப்பில் இன்வெர்ட்டரைவிடப் பேனல் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருப்பதையே நான் விரும்புவேன். காலையிலும் மாலையிலும் கிடைக்கும் கூடுதல் உற்பத்தி, நண்பகலில் இழப்பதைவிட அதிகம். ஆனால் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். முழு 78,000 ரூபாய்க்கு 3 கிலோவாட் தேவை என்பதால், செலவைக் குறைக்க 2.5 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: 5 கிலோவாட் இன்வெர்ட்டரில் 540 வாட் பேனல்கள் பத்து ஓடுகின்றன. அதே வரிசையில் இன்னொன்று சேர்க்கலாமா? 20 சதவீதம் வரை கூடுதல் பரவாயில்லை என்கிறார் பொருத்துபவர். (உதகை)

பதில்: வாட் கணக்கில் அவர் சொல்வது சரிதான்; 5.94 கிலோவாட் என்பது அந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆபத்து வோல்டேஜில் இருக்கிறது. வாட் கூடினால் இன்வெர்ட்டர் மறுத்துவிடும், வோல்டேஜ் கூடினால் அதனால் மறுக்க முடியாது. உள்ளே இருக்கும் பாகங்கள் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. இத்தகைய பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் (மின்சாரம் எடுக்காதபோது பேனலில் இருக்கும் வோல்டேஜ்) 49.5 அளவில் இருக்கும். பதினொன்றைத் தொடராக இணைத்தால் 544.5 வோல்ட் வரும் என்பதால், 550 வோல்ட் உச்சவரம்பு உள்ள இன்வெர்ட்டருக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த எண்ணும் 25 டிகிரிக்கு உரியது. குளிரக் குளிர வோல்டேஜ் டிகிரிக்குச் சுமார் 0.27 சதவீதம் ஏறும். மார்கழிக் காலையில் 5 டிகிரிக் குளிரில், இன்வெர்ட்டர் இன்னும் இழுக்கத் தொடங்காத நேரத்தில், இளவெயில் பட்டதுமே அந்த வரிசை 574 வோல்ட்டைத் தொட்டுவிடும். பத்து பேனல் என்றால் அதே குளிரில் 522தான். உங்கள் இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி உள்ளீடுகள் (பேனல் வரிசையிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் தனித்தனி வழிகள்) இருந்தால் ஆறும் ஐந்துமாகப் பிரித்து, நெட் மீட்டருக்கு (எடுக்கும், கொடுக்கும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) மின்வாரியம் அனுமதித்த அளவையும் பார்த்துக்கொண்டு சேர்க்கலாம். ஒன்றுதான் என்றால் பத்தோடு நிறுத்துங்கள். மலைப்பகுதி வாசகர்கள் இந்தக் கணக்கைப் பொருத்துபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: வீட்டில் 150 ஏஎச் பேட்டரி ஒன்றும், 12 வோல்ட் பிடபிள்யூஎம் சோலார் இன்வெர்ட்டரும் உள்ளன. 540 வாட் பேனல் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? (விழுப்புரம்)

பதில்: வேண்டாம். பேட்டரியை எளிய முறையில் சார்ஜ் செய்யும் பிடபிள்யூஎம் வகை, பேனலின் வோல்டேஜைப் பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். பேனல் தரக்கூடியது 13 ஆம்பியருக்குச் சற்று மேல்; அதைப் பேட்டரியின் 13.5 வோல்ட்டால் பெருக்கினால் 180 வாட் அளவுதான் வரும். பேனலின் 49.5 வோல்ட் அந்தக் கருவியின் தாங்கும் அளவைத் தாண்டிவிடுமா என்பது அடுத்த கவலை. எம்பிபிடி சார்ஜ் கண்ட்ரோலர் வாங்கிப் போட்டால் 40 ஆம்பியர்வரை கிடைக்கும்; ஆனால் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிக்கு 15 முதல் 20 ஆம்பியரே உகந்தது என்பதால், அதற்குமேல் போகாதபடி அமைக்க வேண்டியிருக்கும். 36 செல் கொண்ட 12 வோல்ட் பேனல்களே உங்களுக்கு ஏற்றவை.

கேள்வி: தோட்டத்து வீட்டில் கரண்ட் இணைப்பு இல்லை. 2 கிலோவாட் பேனல் போட்டு 1 எச்பி மோட்டாரும் நான்கு மின்விசிறிகளும் ஓட்ட, 2 கிலோவாட் இன்வெர்ட்டர் போதுமா? (ஒட்டன்சத்திரம்)

பதில்: ஆஃப்கிரிட்டில், அதாவது மின்வாரிய இணைப்பு இல்லாத அமைப்பில், பேனலைப் பார்த்து இன்வெர்ட்டரைத் தீர்மானிக்கக் கூடாது. ஒரே நேரத்தில் எவையெல்லாம் ஓடும், மோட்டார் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும் என்பதே இன்வெர்ட்டரின் அளவு. 1 எச்பி மோட்டார் ஓட்டத்தில் சுமார் 1 கிலோவாட் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். 2 கிலோவாட் இன்வெர்ட்டர் அப்போது டிரிப் ஆகிவிடக்கூடும். 3 கேவிஏவுக்குக் குறையாமல், சர்ஜ் (கிளம்பும் கணத்தில் தாங்கக்கூடிய) அளவையும் பார்த்து வாங்குங்கள். பேனலை அன்றாட யூனிட்டைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்; நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் எதிர்பார்க்கலாம்.

கேள்வி: பிற்காலத்தில் கூட்டிக்கொள்ளலாம் என்று 5 கிலோவாட் மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டரை இப்போதே வாங்கி, நான்கு பேனல் மட்டும் போடலாமா? (திருச்சி)

பதில்: பேனல்கள் சூடேறியபின் நான்குக்கும் சேர்த்து 140 வோல்ட் அளவுதான் வரும். மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர்கள் பலவும் கிளம்புவதற்கே இதைவிடக் கூடுதலாகக் கேட்கும் என்பதால், டேட்டாஷீட்டில் தொடக்க வோல்டேஜைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.