மூன்று தூக்குவாளி

கேள்வி: எனக்கு 26 வயது. ஊர் தங்கச்சிமடம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் அப்பாவும்தான். அக்காவை அடுத்த தெருவில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சான் ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். நான் சின்ன வயதிலிருந்தே _____ ரசிகன். மச்சான் _____ ரசிகர். 2025 ஆகஸ்ட்டில் சினிமாவுக்கான தேசிய விருது அறிவித்தபோதே வாய்த் தகராறு வந்தது. செப்டம்பர் 23 அன்று டெல்லியில் விழா நடந்தபோது மச்சான், "உன் ஆளுக்கு இதையெல்லாம் டிவியில் பார்க்கத்தான் கொடுத்து வச்சிருக்கு" என்று ஸ்டேட்டஸ் போட்டார். நானும் சும்மா விடவில்லை, அவர் தலைவரைப் பற்றி மீம்ஸ் போட்டேன். தெருவில் கைகலப்பாகி நாலு பேர் விலக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அக்கா மட்டும் ஞாயிற்றுக்கிழமை மகனிடம் மீன்குழம்பு கொடுத்துவிடுவாள். அவனும் வைத்துவிட்டு ஓடிவிடுவான், மூன்று தூக்குவாளி இங்கேயேதான் கிடக்கிறது. ஐப்பசியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையும் அந்தப் பையன் கையில்தான் வந்தது. மச்சான் நேரில் வந்து அழைக்கவில்லை. தாய்மாமன் நான், அழைக்காத இடத்துக்குப் போகலாமா? உங்களைப் போன்ற பெரியவர்களாவது தேசிய விருதில் நடக்கும் அநியாயத்தை எழுத வேண்டும். (பெயர் வேண்டாம்.)

பதில்:

தம்பி, நடிகர்களின் பெயரை இரண்டு இடத்திலும் அடித்தது நான்தான். போட்டிருந்தால் அடுத்த இதழ் முழுக்க அதற்கு வரும் வசவை அச்சடிக்கவே சரியாகப் போயிருக்கும். என் மகனைவிடச் சின்னவன் நீ, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

இந்தச் சண்டை எனக்குப் பழசு. நடிகர், கிரிக்கெட், கட்சி என்று பெயர் மாறுமே தவிர, மாசத்துக்கு நாலு கடிதம் இதே கதையோடு வருகிறது. உன் கடிதத்தையும் ஓரமாக வைத்திருப்பேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். மூன்று தூக்குவாளி இங்கேயேதான் கிடக்கிறது.

அந்த மூன்று வாளியிலும் வந்த குழம்பு என்ன ஆயிற்று? நீ எழுதவில்லை, நான் சொல்கிறேன். தின்றாய். தின்று, கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறாய். கழுவினாயோ இல்லையோ, அதுவும் சந்தேகம்தான்.

அந்தக் குழம்பில் கிடந்த மீனைப் பிடித்தது யார்? ராமேஸ்வரத்து விசைப்படகு வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள் கடலுக்குப் போகிறது. சனிக்கிழமை மீன்துறை அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வருகிறது. ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளை நீ, இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறியது என்று எழுதுகிறவன் நீ. அந்த ஞாயிற்றுக்கிழமை வலையைக் கொட்டி, வியாபாரிக்குப் போக வேண்டியது போக, வீட்டுக் கறிக்கென்று ஒரு பையில் எடுத்து வருகிற மீன்தான் உன் அக்கா கையில் குழம்பாகி உன் திண்ணைக்கு வருகிறது. சிங்களக் கடற்படை பிடித்துக்கொண்டு போகுமோ என்ற பயத்தோடு ராத்திரி முழுக்க விழித்துக்கிடந்த மனுஷன் கொண்டுவந்த மீன். அவரோடு பேச்சு இல்லை, அவர் மீனோடு மட்டும் மூன்று ஞாயிறாக உறவு. இது என்ன ரோஷம்?

இன்னொன்று கேட்கிறேன். உன் அக்கா வீட்டில் எத்தனை தூக்குவாளி இருக்கும்? நாலு இருக்கலாம், அதிகம் போனால் ஐந்து. கடலுக்குப் போகிற ஆளுக்குச் சோறு ஒன்றில், குழம்பு ஒன்றில் கட்டிக் கொடுக்க வேண்டும். அதில் மூன்று உன் வீட்டில் கிடந்தால் அவர் படகுக்கு எதில் சோறு கொண்டு போகிறார்? வாளி எங்கே என்று ஒரு நாளாவது கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருப்பார். அக்கா உண்மையைச் சொல்லியிருந்தால், தெரிந்தும் நாலாவது வாளியில் ஊற்றிக் கொடுக்கட்டும் என்று அந்த மனுஷன் பேசாமல் இருக்கிறார். சொல்லவில்லை என்றால், உனக்கு ஒரு வாய் மீன் போய்ச் சேர உன் அக்கா புருஷனிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டில் எது நடந்திருந்தாலும் தலைகுனிய வேண்டியவன் நீ.

அந்தப் பையன் ஏன் வைத்துவிட்டு ஓடுகிறான் என்று யோசித்தாயா? சின்னப் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்புகிற வீட்டில் நிற்காது. எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. ஒன்றும் இல்லாத நாளில் எங்கள் ஆத்தா ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டு மூடிக் கொடுக்கும். அந்தக் கருப்பட்டிக்காகவே நான் பாத்திரம் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடியிருக்கிறேன். உன் மருமகனுக்கு மாமன் வீட்டிலிருந்து மூன்று வாரமாக ஒரு மிட்டாய்கூடக் கிடையாது. நீ இதில் "தாய்மாமன் நான்" என்று வேறு எழுதுகிறாய்.

சரி, விருதுக்கு வருகிறேன். அநியாயத்தை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், ஆனால் நீ நினைக்கிற மாதிரி வராது.

உன் தலைவர் படத்தைத் தயாரிப்பாளர் போட்டிக்கு அனுப்பினாரா என்று விசாரித்தாயா? தேசிய விருதுக் குழு தியேட்டர் தியேட்டராகப் போய்ப் படம் பார்ப்பதில்லை. அனுப்பிய படத்தைத்தான் பார்க்கும். அந்தந்த வருஷத்தில் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ரிலீஸ் தேதி கணக்கே இல்லை. 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரியில்தான் தியேட்டருக்கு வந்தது, விருது வாங்கியது 2021-ஆம் வருஷப் பட்டியலில். முதலில் வட்டாரக் குழுக்கள் பார்த்துப் பரிந்துரைக்கும், அப்புறம் மத்தியக் குழு. 2025-ல் அறிவித்த விருதுக்கு அதன் தலைவர் இந்திப் பட இயக்குநர் அசுதோஷ் கோவாரிகர். இவ்வளவையும் தாண்டி வந்து, சிறந்த நடிகர் விருதை ஷாருக்கானுக்கும் விக்ராந்த் மாஸிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். வெள்ளித் தாமரை, 2 லட்சம் ரூபாய். ஷாருக்கானுக்கு முப்பது வருஷத்துக்கும் மேலே நடித்த பிறகு கிடைத்த முதல் தேசிய விருது. உன் தலைவரும் மச்சானுடைய தலைவரும் இந்தக் கணக்கிலேயே இல்லை. இல்லாத இடத்துக்கு இரண்டு பேர் துண்டு போட்டு அடித்துக்கொண்டீர்கள்.

குழுவைக் குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. சிவாஜிக்கு ஒரு தடவைகூடச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவில்லை. கடைசியில் 1996-க்கான பால்கே விருது கிடைத்தது. எம்.ஜி.ஆருக்கு 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காகக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த வருஷம் என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே ஆறு மாசம் பேசாமல் இருந்தார்கள். சமாதானம் பேச வந்த பெரிய மனுஷர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பெரியப்பா வீட்டு ஆடு ஒன்று காணாமல் போய், இரண்டு பேரும் உடைமரக் காட்டுக்குள் ராத்திரி பத்து மணிக்கு லாந்தர் பிடித்துத் தேடப் போனார்கள். ஆடு கிடைக்கவில்லை. பேச்சு வந்துவிட்டது. நம் மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் 'மூன்றாம் பிறை', 'நாயகன்', 'இந்தியன்' என்று மூன்று தடவை வாங்கினார். அதற்காக இராமநாதபுரத்தில் ரசிகர் சண்டை ஓய்ந்ததா? கிடைத்தால் ஒரு சண்டை, கிடைக்காவிட்டால் ஒரு சண்டை.

விருதில் நியாயம் கேட்டவர்களும் உண்டு. 2018-ல் குடியரசுத் தலைவர் 11 பேருக்கு மட்டும்தான் தன் கையால் கொடுப்பார் என்றார்கள். விருது வாங்க வேண்டியவர்களிலேயே ஐம்பது பேருக்கு மேல் விழாவுக்குப் போகவில்லை. பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்து, இந்தக் காரணத்துக்காக வரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது கோபம். நீ போட்ட மீம்ஸ் எனக்கு வரவில்லை, வந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

2023-ல் 'ஜெய் பீம்' படத்துக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாரும் கொதித்தோம். நானும்தான். அதே பட்டியலில் 'கடைசி விவசாயி'யில் நடித்த நல்லாண்டித் தாத்தாவுக்குச் சிறப்புக் குறிப்பு இருந்தது. நிஜமான விவசாயி, அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவருக்காக உங்கள் மன்றத்தில் யாராவது ஒரு வரி ஸ்டேட்டஸ் வைத்தீர்களா?

2025 விழாவின் கூத்தைக் கேள். நீயும் மச்சானும் தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்ட அந்த நாளில், டெல்லி மேடையில் தமிழுக்கு விருது வாங்கிய படம் எது தெரியுமா? 'பார்க்கிங்'. சிறந்த தமிழ்ப்படம், திரைக்கதைக்கும் விருது, எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. அதன் கதை என்ன? ஒரே வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கிற இரண்டு பேர், ஒரு வண்டி நிறுத்துகிற இடத்துக்காக வீம்பு பிடித்து இரண்டு குடும்பத்தையும் நாசம் செய்துகொள்வது. விருதுக்காக அடித்துக்கொண்ட நீங்கள் இரண்டு பேரும் விருது வாங்கிய படத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மச்சானுக்குச் சிரிப்பு வந்திருக்கும். உனக்கு வந்திருக்குமா, தெரியாது.

இப்போது பத்திரிகை. மச்சான் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து தாய்மாமனை அழைத்திருக்க வேண்டும். அது முறை, அவர் செய்தது தப்பு. அந்த ஸ்டேட்டஸும் தப்பு. அவர் எனக்குக் கடிதம் எழுதினால் அவரையும் இதே மாதிரி கேட்பேன். எழுதியது நீ. அதோடு, அந்தப் பத்திரிகை எப்படி வந்தது என்று திரும்பப் படித்துப் பார். வாளி கொண்டுவந்த அதே பையன் கையில்தான் வந்திருக்கிறது. அனுப்பியது உன் அக்கா. தாய் இல்லாத பெண்ணுக்குப் பிறந்த வீடு என்றால் தம்பிதான். பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள், எனக்குக் கவலையில்லை. அவள் புகுந்த வீட்டுச் சனம் முழுக்கக் கூடியிருக்கிற இடத்தில் மடி கொடுக்க வேண்டியவன் வரவில்லை என்றால், ஒரு குழந்தையை யார் மடியில் உட்கார வைப்பது என்று அவள் முழிப்பாள். "தம்பிக்கு உடம்பு சரியில்லை" என்று அங்கேயும் ஒரு பொய் சொல்வாள். இதற்காகவா அவளை அடுத்த தெருவில் கட்டிக் கொடுத்தீர்கள்?

உன் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டாரா? என்ன சொன்னார்? வீட்டில் இரண்டே ஆம்பிளைகள், ஒருவர் வாயைத் திறப்பதில்லை என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுச் செய் என்று சொல்ல மாட்டேன். நீயே செய்.

பேரம் பேசாதே. "அவர் முதலில் வரட்டும்" என்று ஆரம்பித்தால் குழந்தைக்குக் கல்யாணமே ஆகிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை பையன் நாலாவது வாளியோடு வருவதற்கு முன்னால் நீ கிளம்பு. படகு கரையேறி, மச்சான் குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆளிடம் போய் நின்றால் இன்னொரு சண்டைதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போ. ஒரு வாளியில் கருப்பட்டி, ஒன்றில் பையனுக்குச் சேவும் மிட்டாயும். மூன்றாவதில் சோறு. நீயே வடித்தது, குழைந்திருந்தாலும் பரவாயில்லை. போனவுடன் விருதையும் எடுக்காதே, மன்னிப்பையும் எடுக்காதே. "தோடு எப்போ எடுக்கப் போறோம், மச்சான்?" என்று கேள். தங்கம் இன்றைக்கு விற்கிற விலையில் அதைப் பேசவே ஒரு மணி நேரம் ஆகும்.

கிளம்புமுன் மூடிகளைச் சரிபார்த்துக்கொள். ஒரு வாளியின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. மாற்றி மூடிக்கொண்டு போய், குழம்பு வாடையும் போகாமல் இருந்தால் அக்கா வாசலிலேயே வைத்துத் திட்டுவாள். திட்டட்டும், மச்சான் கேட்டுக்கொண்டிருப்பார்.