திசு வளர்ப்பு மரக்கன்று: பாட்டிலை விட்டு வெளியே வந்த பிறகு (கேள்வி பதில்)

திசு வளர்ப்பு என்றால் செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத பாட்டிலுக்குள் சத்துக் கலவையில் வைத்துக் கன்றாக்குவது. அந்தக் கன்றை வெளியே பழக்குவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தேக்கைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பாட்டிலில் பச்சைப்பசேல் என்று இருந்த தேக்குக் கன்றுகளைக் குழித்தட்டில் நட்டேன். மறுநாள் சாயங்காலமே தலை தொங்கிவிட்டன. தண்ணீர் போதவில்லையா? (நாற்றங்கால் வைத்திருப்பவர், பொள்ளாச்சி)

தண்ணீர் ஊற்றினீர்கள், சரி. காற்றை என்ன செய்தீர்கள்? பாட்டிலுக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம். அதிலேயே வளர்ந்த இலைக்கு மேல்மெழுகு மெலிசு. இலைத்துளைகளும் சரியாக மூடாது. சந்தேகம் இருந்தால் பாட்டில் கன்றில் ஓர் இலை, தோட்டத்துக் கன்றில் ஓர் இலை கிள்ளி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வரும்போது பாட்டில் இலை ஓரம் சுருண்டு ஈரத்துணி போலக் கிடக்கும். மற்றது விறைப்பாகவே இருக்கும்.

வேரும் அப்படித்தான். அகாரில், அதாவது பாட்டிலில் உள்ள ஜெல்லி போன்ற சத்துக் கலவையில், விட்ட வேரில் தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவி பெரும்பாலும் இருக்காது. தண்ணீர்ச் செலவு கூடுதல், வரவு குறைவு. இன்னும் தண்ணீர் ஊற்றினால் வேர்தான் அழுகும்.

முதல் வாரம் பாலித்தீன் கூடாரத்துக்குள் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். மேலே 75 சதவீத நிழல்வலை. பிறகு தினமும் சிறிது நேரம் திறந்துவிட்டு, அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். பழைய இலை வெளிக்காற்றுக்குப் பெரும்பாலும் பழகாது. வெளியே வந்து விடும் புது இலைதான் கன்றைக் காப்பாற்றும். அது இரண்டு ஜோடி விரியும்வரை பழைய இலையை உயிரோடு வைத்திருப்பதுதான் நம் வேலை.

இன்னொன்று: நடும் முன் வேரில் ஒட்டிய அகாரைச் சுத்தமாகக் கழுவுங்கள். அதில் லிட்டருக்கு 20, 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பூஞ்சாணத்துக்கு விருந்து.

பாட்டிலுக்குள்ளேயே சில கன்றுகள் கண்ணாடி மாதிரி, நீர் கோத்தது போல இருக்கின்றன. ஏன்? (முதுகலை மாணவி)

காரணம் ஒன்றல்ல. பிஏபி (தளிரைப் பெருக்கப் போடும் ஹார்மோன்) கூடினாலும் வரும், அகார் இளகலாக இருந்தாலும் வரும், மூடி இறுகி ஈரமும், செடி விடும் எத்திலீன் வாயுவும் உள்ளேயே தங்கினாலும் வரும். நான் முதலில் தொடுவது மூடியைத்தான். காற்று போய்வரும் மூடி போட்டாலே பாதி சரியாகிவிடும். பிறகு அகாரை லிட்டருக்கு 6 கிராமிலிருந்து 8 ஆக்குங்கள், பிஏபியைக் குறையுங்கள்.

ஊடகத்தையும், அதாவது சத்துக் கலவையையும், பாருங்கள். பரவலாகப் பயன்படும் எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம் 1962இல் புகையிலைத் திசுவை வைத்து உருவானது. பல மரங்களுக்கு அதன் உப்பு, குறிப்பாக அம்மோனியம், அதிகம். பாதியாக்கிப் பார்க்கலாம். முற்றிலும் கண்ணாடியான கன்றை எடுத்துப் போட்டுவிடுங்கள். மண்ணுக்கு வந்தாலும் பிழைப்பது அபூர்வம்.

சர்க்கரையே போடாமல் வளர்க்க முடியும் என்கிறார்களே?

முடியும். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் தொயோக்கி கோசாய் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. வெளிச்சத்தையும் கரியமில வாயுவையும் கூட்டினால் கன்று தானே சமைத்துச் சாப்பிடப் பழகும். வெளியே வந்ததும் திணறாது. ஆனால் விளக்குக்கும் வாயுவுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். சின்ன ஆய்வுக்கூடத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

சிவப்பு எல்இடி போதுமா?

போதாது. சிவப்பு மட்டும் என்றால் தண்டு நீண்டு ஒல்லியாகும். நீலமும் கலந்தால்தான் கட்டையாக நிற்கும். 16 மணி நேர வெளிச்சம், 25 டிகிரி வெப்பம்.

வேரைப் பாட்டிலிலேயே விடவைக்க வேண்டுமா? செலவு கட்டுப்படியாகவில்லை.

தேக்குக்கு வேண்டாம். தளிரை வெட்டி, அடியை ஐபிஏவில் (வேர் விடவைக்கும் ஹார்மோன்) தோய்த்து, மிஸ்ட் சேம்பரில் (பனிபோல நீர் தூவும் அறை) வைத்தால் அங்கேயே வேர் பிடிக்கும். ஒரு கட்டம் மிச்சம். வெளியே விட்ட வேருக்கு வேர்த்தூவியும் வரும்.

சந்தனக் கன்று ஹார்டனிங் (வெளிக்காற்றுக்குப் பழக்குவது) எல்லாம் நன்றாகத்தான் தாண்டியது. இப்போது பையில் மஞ்சளாகி நின்றுவிட்டது.

பக்கத்தில் துணைச்செடி இருக்கிறதா? சந்தனம் பாதி ஒட்டுண்ணி, பக்கத்துச் செடியின் வேரிலிருந்தும் சத்தை உறிஞ்சும். அதே பையில் ஒரு பொன்னாங்கண்ணித் தண்டைச் செருகுங்கள், அல்லது இரண்டு துவரை விதை ஊன்றுங்கள். துவரை மேலே ஏறி மூடினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.