கோடு இழுத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் சித்திரம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் வீட்டாரும் எழுதியவை. அதனால் பதில்களையும் ஒரே இடத்தில் தருகிறேன்.

கேள்வி: கம்பஸில் சித்திரம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். இதுவரை போனில் விரலால்தான் அனிமே (யப்பானியக் கார்ட்டூன்) பாத்திரங்கள் வரைந்து வருகிறேன். எங்கள் செற்றில் நாலு பேரிடம் ஐபாட் இருக்கிறது. அது இல்லாமல் இனி ஒன்றும் செய்ய ஏலாது என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்து ஒன்றரை இலட்சம் ரூபா சேர்த்திருக்கிறேன். அண்ணாவின் பழைய மடிக்கணினி வீட்டில் இருக்கிறது, 8 ஜிபி ராம். யாழ். நகரத்துக் கடையொன்றில் பத்தாம் தலைமுறை ஐபாட்டையும் யூஎஸ்பி-சி பென்சிலையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (மாணவி, கோண்டாவில்)

பதில்: வேண்டாம், தங்கச்சி. ஐபாட் நல்ல சாமான்தான். ஆனால் உங்களுக்குச் சேர்த்துத் தரும் பென்சில் உங்கள் வேலைக்கு உதவாது. 2023 நவம்பரில் வெளிவந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் கையின் அழுத்தத்தை அறியாது. மெல்லத் தொட்டாலும் அழுத்திப் பிடித்தாலும் கோடு ஒரே தடிப்பில்தான் விழும். பாடக்குறிப்பு எழுதுபவருக்கு அது காணும். தலைமுடியையும் இமையையும் ஒரே இழுப்பில் தடித்து மெலிய விடவேண்டிய உங்களுக்குக் காணாது. அழுத்தம் அறியும் ஆப்பிள் பென்சில்களில் முதலாம் தலைமுறைப் பென்சிலை மட்டுமே அந்த ஐபாட் ஏற்கும். அதற்கு ஒரு சின்ன அடப்டரும் தேவை. மலிவாகக் கிடைக்கும் மாற்றுப் பென்சில்களில் அநேகமானவை சாய்வை அறியும், அழுத்தத்தை அறியா. "வரையலாமோ?" என்று கேட்டால் கடைக்காரர் ஓம் என்றுதான் சொல்வார். "அழுத்தினால் தடிக்குமோ?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அங்கேயே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

உங்களிடம் மடிக்கணினி இருப்பதால் நான் சொல்வது திரையில்லாத பென் ரப்லெற். கணினியில் வயரால் பொருத்தும் வெறும் பலகை அது. நீங்கள் பலகையில் வரைய, கோடு கணினித் திரையில் தெரியும். கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருப்பது முதல் ஒரு கிழமை எரிச்சலாகத்தான் இருக்கும். தினமும் கொஞ்ச நேரம் வட்டங்களும் நீளக் கோடுகளும் போட்டுப் பழகினால் கை பிடித்துக்கொள்ளும். வேக்கம், ஹூயோன், எக்ஸ்பி-பென் ஆகிய மூன்று கொம்பனிகளின் பெயரும் உங்கள் செற்றில் அடிபட்டிருக்கும். பேனைக்குப் பற்றறியோ சார்ஜோ தேவைப்படாத மாடலைப் பாருங்கள். பேனை முனை தேயும் சாமான், ஆகவே மாற்று முனைகள் பெட்டிக்குள் இருக்கின்றனவா, பிறகு தனியாக வாங்கலாமா என்று கேளுங்கள். 4096 அழுத்தப் படி, 8192 அழுத்தப் படி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது, அதற்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம். பலகையின் அளவுதான் தெரியும். தோளிலிருந்து கையை வீசி வரைபவர் நடுத்தர அளவு எடுக்கவேண்டும். பஸ்ஸில் கொண்டு திரிபவருக்குச் சின்னது வசதி.

மென்பொருளுக்கும் காசு தேவையில்லை. கிறித்தா என்ற வரையும் மென்பொருள் முழுக்க இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பழைய கணினி தாங்குமா என்று பயப்படுவீர்கள். ஏ3 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 3508க்கு 4961 பிக்சல். முழுதாக நிரம்பிய ஒரு லேயர் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) ஏறத்தாழ 70 எம்பி நினைவகம் எடுக்கும். இருபது லேயர் போட்டாலும் ஒன்றரை ஜிபிக்குள் நிற்கும். 8 ஜிபி ராமுக்கு அது பெரிய பாரமில்லை, பின்னால் திறந்து கிடக்கும் யூரியூப்பை மட்டும் மூடிவிடுங்கள்.

செற்றோடு சேர்ந்து வேலை செய்ய முடியாமல் போகும் என்ற கவலையும் வேண்டாம். அவர்கள் பாவிக்கும் புறொகிறியேற் என்ற வரையும் செயலி ஐபாட்டில் மட்டும் ஓடுவது உண்மை. ஆனால் அதில் வரைந்ததைப் பிஎஸ்டி கோப்பாக அனுப்பச் சொன்னால் கிறித்தாவில் லேயர் லேயராகத் திறக்கலாம். மடிக்கணினி இல்லாத பிள்ளை இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சாம்சங் கலக்சி ரப் எஸ்6 லைற்றைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அழுத்தம் அறியும் பேனை பெட்டிக்குள்ளேயே வரும், அதற்குச் சார்ஜும் வேண்டாம். உங்களுக்கு அது தேவையில்லை. பென் ரப்லெற்றுக்குப் பிறகும் உங்கள் காசில் பெரும்பகுதி மிஞ்சும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து உழைத்த காசு அது, வங்கியில் கிடக்கட்டும்.

கேள்வி: மகள் நுண்கலை படிக்கிறாள். ஒரு ரியூப் நீர்வர்ணத்துக்கு அவள் கேட்கிற காசில் பள்ளிக்கூடப் பெட்டி எத்தனையோ வாங்கலாம். சிநேகிதிகளைப் பார்த்து ஆசைப்படுகிறாளோ என்று யோசிக்கிறேன். (தகப்பன், சாவகச்சேரி)

பதில்: ஐயா, சிநேகிதிகளைப் பார்த்து ஆசை வந்திருந்தாலும் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பெட்டியில் நிறப்பொருள் குறைவு, நிரப்புப் பொருள் கூட. இரண்டு நிறத்தைக் கலந்தால் சேறாகும், சில நிறங்கள் வெயிலில் வெளிறும். நல்ல ரியூப்பின் பின்பக்கத்தில் நிறப்பொருளின் குறியீடு ஆங்கில எழுத்தில் இருக்கும். அல்ட்ரமரின் நீலம் என்றால் பீ.பி. 29. அது வெயிலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அலிசரின் சிவப்பின் குறியீடு பீ.ஆர். 83. பார்க்க வடிவு, ஆனால் வெளிச்சத்தில் மங்குவதற்குப் பெயர் போனது. குறியீடே இல்லாத ரியூப்புக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். நிறத்தின் பெயருக்குப் பின்னால் "ஹியூ" என்று இருந்தால் மூல நிறப்பொருளுக்குப் பதிலாக வேறொன்று சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் கெட்டது என்று சொல்ல முடியாது, மூலத்தின் விலையைக் கேட்டால்தான் பிழை.

ஆனால் ரியூப்புக்கு முதல் தாளை வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தாள், முடிந்தால் முழுப் பருத்தித் தாள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்து, எந்த விலை வர்ணத்தையும் குளமாகத் தேங்க வைக்கும். பெரிய தாளாக வாங்கி நாலாக வெட்டினால் மலிவு. அவளும் சிநேகிதிகளும் காசு சேர்த்து எடுத்தால் இன்னும் மலிவு. பிறகு ஐந்தாறு ரியூப் போதும், மற்ற நிறங்களை அவளே கலப்பாள். பழைய பெட்டியை வீசவேண்டாம், பயிற்சிக்கு உதவும்.

வர்ணத்தைச் சோதிக்க எங்கள் வெயிலே காணும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பட்டை பூசி, பாதியை மட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் ஒட்டி இரண்டு மாதம் விடச் சொல்லுங்கள். மட்டையை எடுத்தவுடன் எந்த ரியூப்பைத் திரும்ப வாங்கக்கூடாது என்று அவளுக்கே விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல், இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா பொதிகளோடு வைப்பது நல்லது.

கேள்வி: பேஸ்புக்கில் ஒருவர் பாவித்த ஐபாட் விற்கிறார். பஸ் நிலையத்தில் வந்து காசைக் கொடுத்து எடுக்கச் சொல்கிறார். எதைப் பார்க்கவேண்டும்? (மாணவன், கொக்குவில்)

பதில்: முதலில் இடத்தை மாற்றுங்கள் தம்பி. வைபை உள்ள, இருந்து பார்க்கக்கூடிய ஒரு கடைக்கு வரச் சொல்லுங்கள். விற்பவர் உங்கள் கண் முன்னால் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி எல்லாவற்றையும் அழிக்கவேண்டும். அதன்பிறகு உங்கள் கணக்கைப் போட்டு முதல் திரை வரை நீங்களே கொண்டுபோக வேண்டும். பழைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள், அந்தப் பூட்டை வெளியில் யாரும் சுகமாகத் திறந்து தர மாட்டார்கள். அடுத்து, குறிப்பு எழுதும் செயலியைத் திறந்து அடிமட்டம் வைத்து மூலைக்கு மூலை மெதுவாகக் கோடு இழுங்கள். அலை அலையாக வந்தாலோ ஓரிடத்தில் அறுந்தாலோ திரையில் பழுது இருக்கிறது. சிம் போடும் மாடல் என்றால் அதன் ஐஎம்இஐ இலக்கத்தை (கருவியின் அடையாள இலக்கம்) எடுத்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டு 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழுவில் பதிவுள்ளதா என்று பதில் வரும். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும் கையெழுத்திட்ட ஒரு துண்டும் வாங்காமல் காசு கைமாறக் கூடாது. நாளைக்கு அது களவுச் சாமான் என்று தெரியவந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கேள்வி: வாங்கி மூன்று கிழமையில் பென் ரப்லெற் வேலை செய்யாமல் போய்விட்டது. கடையில் "நீங்கள் விழுத்தியிருப்பீர்கள்" என்கிறார்கள். பில் இருக்கிறது. (மாணவி, மானிப்பாய்)

பதில்: வேறு வயர் போட்டு, வேறு கணினியிலும் பொருத்திப் பாருங்கள். இரண்டு கொம்பனியின் டிரைவர் (பலகையைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்) ஒரே கணினியில் இருந்தாலும் இப்படி நடக்கும், பழையதை அகற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பலகை கணினியில் தெரியாமல் இருப்பதை வீடியோ எடுத்து, வாறண்டியின்படி திருத்தியோ மாற்றியோ தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள். வட்ஸ்அப்பும் காணும், திகதி பதிவாகும்.

மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாறண்டி மீறல் பற்றி அங்கு முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்கோ, அடுத்த மாதம் வாங்கோ" என்று இழுத்தடிக்கும்போது இந்த மூன்று மாதமும் ஓடிக்கொண்டிருக்கும். 1977க்கு அழைத்து வழி கேட்கலாம். பில்லின் பிரதி, வாறண்டி அட்டையின் பிரதி, கடைக்கு அனுப்பிய செய்தி மூன்றையும் இணையுங்கள். மூலப்பிரதியை யாரிடமும் விடாதீர்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து அனிமே பாத்திரங்களை ஸ்ரிக்கர் அடித்து விற்க யோசிக்கிறோம். எத்தனை அடிப்பது லாபம்? (மூன்று மாணவர்கள், சுன்னாகம்)

பதில்: அந்தப் பாத்திரங்கள் வேறொருவருடையவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் இருக்கிறது, அனுமதியில்லாமல் அச்சடித்து விற்கக் கூடாது. உங்கள் கையில் திறமை இருக்கிறது. அதே பாணியில் உங்கள் சொந்தப் பாத்திரங்களை வரையுங்கள். உதயன் பேப்பர் வாசிக்கும் தாத்தாவையும் லுமாலா சைக்கிளில் ரியூஷனுக்குப் போகும் பெட்டையையும் அந்த அனிமேக் கண்களோடு வரைந்தால் நான் கட்டாயம் வாங்குவேன். எண்ணிக்கையைப் பிறகு பாருங்கள். திரையில் மின்னும் இளஞ்சிவப்பும் பச்சையும் அச்சு மையில் மங்கித்தான் வரும். ஆகவே அச்சகத்தில் முதலில் ஒரு தாள் மட்டும் அடிப்பித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, நிறத்தைத் திருத்திவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.