600 டாலரில் பழைய ரெசனேட்டர் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் இரண்டு வருடமாக வாசிக்கிறேன். ப்ளூஸ் ஸ்லைடு (தந்திகள் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) மேல் ஆசை வந்து, மர உடல் கொண்ட மலிவான ரெசனேட்டர் (உள்ளே உலோகக் கோன் வைத்த கிட்டார்) ஒன்று வாங்கினேன். தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலிக்கிறது, சில ஸ்வரங்களில் கறகறவென்று அதிர்கிறது. 600 டாலருக்குள் இதைவிட நல்லதாகப் பழைய கிட்டார் வாங்க வேண்டும். நான் இருக்கும் டெக்சாஸில் கடைகளுக்கு அவ்வப்போது வருகின்றன. நேஷனல் நிறுவனத்தின் பழைய கிட்டார் கிடைக்கும் வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். 1930களின் நேஷனல் டூயோலியன் கிட்டார், பொருளாதார மந்தக் காலத்தில் மலிவு மாடலாக வந்ததுதான். இன்று அது சேகரிப்பாளர்களின் பொருள், உங்கள் தொகைக்கு எட்டாது. எட்டினாலும், அத்தனை வயதான கிட்டாரில் நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதி) கோணத்தைச் சரிசெய்யும் வேலை பாக்கி இருக்க வாய்ப்பு அதிகம். கலிபோர்னியாவின் நேஷனல் ரெசோ-ஃபோனிக் நிறுவனம் இப்போது செய்பவை அருமையான கருவிகள். ஆனால் பழையதாக வாங்கினாலும் 600 டாலருக்குள் அடங்காது. ரெக்கார்டிங் கிங், கிரெட்ஷ், ரீகல் என்ற பிராண்டுகளின் வரிசையில் தேடுங்கள்.

சாதாரண கிட்டாரில் மேல்பலகை அதிர்ந்து ஒலி தருகிறது. இதில் அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியக் கோன். மின் ஒலிபெருக்கிகள் பரவாத காலத்தில், வாத்தியக் குழுவின் சத்தத்துக்கு நடுவே கிட்டார் கேட்க வேண்டும் என்பதற்காக லாஸ் ஏஞ்சலஸில் ஜான் டோப்பெரா உருவாக்கிய அமைப்பு இது. 1927இல் நேஷனல் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே "முழு மரமா, பிளைவுட்டா?" என்று சாதாரண கிட்டாருக்குக் கேட்கும் கேள்வி இங்கே பெரிதில்லை. டோப்ரோ என்ற பழைய ரெசனேட்டர் கிட்டார்களிலேயே பிளைவுட் உடல்கள் உண்டு.

கோன் அமைப்பில் மூன்று வகை. 9.5 அங்குலக் கோனின் உச்சியில் வட்டமான மரத்துண்டு உட்கார்ந்திருப்பது பிஸ்கட் வகை. 10.5 அங்குலக் கோனைக் கிண்ணம் போல நிமிர்த்தி வைத்து, எட்டுக் கால் உலோகச் சட்டம் அதன் மேல் நிற்பது ஸ்பைடர். மூன்று 6 அங்குலக் கோன்கள் இருந்தால் ட்ரைகோன். ப்ளூஸ் கலைஞர் டாம்பா ரெட் ட்ரைகோனில்தான் ப்ளூஸ் வாசித்தார் என்றாலும், உங்கள் தொகைக்கும் ஆசைக்கும் பொருந்துவது உலோக உடலில் பிஸ்கட் கோன். சட்டென்று எழுந்து சீக்கிரம் அடங்கும் அந்தக் கரகரப்பான ஒலிதான் ப்ளூஸ் ஸ்லைடில் நீங்கள் தேடுவது என்று நினைக்கிறேன். தோளில் கனமாக இருக்கும், உட்கார்ந்து வாசித்துப் பழகுங்கள்.

விளம்பரத்தில் விலை குறைவாக இருக்கிறதே என்று சதுர நெக் கிட்டாரை வாங்கிவிடாதீர்கள். அது மடியில் கிடத்தி, இரும்புக் கட்டையைத் தந்திகள் மேல் நகர்த்தி வாசிப்பது. நம் கோட்டுவாத்தியம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். டோப்ரோ கலைஞர் ஜெர்ரி டக்ளஸ் வாசிப்பது அந்த வகை. தந்திகள் மிக உயரத்தில் இருப்பதால் விரலால் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தவே முடியாது. வட்ட நெக்கை உயரமான நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) ஒன்று மாட்டி மடியிலும் வாசித்துப் பார்க்கலாம், சதுர நெக்கை விரலால் அழுத்தி வாசிக்கும்படி மாற்ற வழியில்லை.

கடைக்குப் போனதும் பளபளப்பை விட்டுவிட்டு நெக்கைப் பாருங்கள். ஆறாம் தந்தியை (தடித்தது) முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால் நெக் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருந்தால் பெரும்பாலும் திருகிச் சரிசெய்துவிடலாம். நெக் நேராக இருந்தும் 12ஆம் ஃபிரெட்டில் தந்தி மிக உயரமாக நின்றால் கோளாறு நெக்கின் கோணத்தில். சாதாரண கிட்டாரில் பிரிட்ஜ் சேடிலை (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) தேய்த்துச் சமாளிப்பார்கள். இங்கே அதற்கு அதிக இடமில்லை. சேடில் தாழ்ந்தால் தந்திகள் அதன் மேல் வளைந்து இறங்கும் கோணம் குறையும், கோன் மேல் விழும் அழுத்தமும் குறையும், ஒலி செத்துவிடும். நெக் கோணத்தைச் சரிசெய்யும் கூலி இந்த விலைக் கிட்டாருக்குக் கட்டாது. அப்படிப்பட்டதை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிஸ்கட் வகையில் தந்தி சந்தேகப்படும்படி தாழ்வாக இருந்தாலும் நின்று பாருங்கள். கோன் அமுங்கியிருக்கலாம். ஆனால் இது பயப்பட வேண்டிய குறை இல்லை, பேரம் பேச உதவும் குறை. கோன் தனியாகக் கிடைக்கும், மாற்றுவதும் எளிது. கவர்பிளேட்டை (கோனை மூடியிருக்கும் உலோகத் தகடு) கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். கோன் தன் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது பசை போட்டு ஒட்டியிருந்தால், உள்ளே வேறு என்னென்ன செய்தார்களோ என்று யோசியுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு தந்தியையும் எல்லா ஃபிரெட்டிலும் வாசியுங்கள். ஒரு சில ஃபிரெட்டில் மட்டும் இரைச்சல் வந்தால் அந்த இடத்து ஃபிரெட்டைப் பாருங்கள். எங்கே வாசித்தாலும் குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் அதிர்ந்தால் கோன், கவர்பிளேட் திருகு, டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருப்பது) இவற்றில் ஏதோ தளர்ந்திருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் கிட்டாரின் கறகறப்பும் இதுவாகவே இருக்கலாம். அதனால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். ஸ்பைடர் வகை என்றால் எட்டுக் கால்களும் கோனைத் தொடுகின்றனவா, நடுத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அந்தத் திருகை இறுக்கிப் பிழியக் கூடாது, மெல்லப் பிடித்தால் போதும். மெல்லிய தந்திகள் போட்டிருந்தால் மாற்றுங்கள். கோனை அசைக்க 13–56 அளவாவது (மிக மெல்லிய தந்தி 0.013 அங்குலம், மிகத் தடித்தது 0.056 அங்குலம்) வேண்டும். மலிவுக் கிட்டார்களில் வரும் தடித்த கோனை எடுத்துவிட்டு, கடைசல் முறையில் செய்த நல்ல கோன் போட்டால் தகர ஒலி கணிசமாகக் குறையும்.

அதற்குப் பிறகும் உலோக உடல் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். 600 முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாமல் 450, 500க்குள் பேசி முடியுங்கள். மீதித் தொகை புதுக் கோனுக்கும், ரெசனேட்டரில் பழக்கமுள்ள ஒருவரிடம் செட்டப் (தந்தி உயரம் போன்றவற்றைச் சீராக்குவது) செய்வதற்கும். கோன் வாங்கும் முன் உங்கள் கிட்டாரில் கோன் உட்காரும் இடத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். இறக்குமதிக் கிட்டார்களில் அளவு சிறிது மாறலாம்.