தேவாலா செத்த ஊரா?

அன்புள்ள அக்கா,

போன மாதம் நண்பர்கள் நாலு பேர் பைக்கில் நீலகிரியின் கூடலூர் வழியாக தேவாலா, பந்தலூர் போயிருந்தோம். அங்கே வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சுரங்கங்கள் இருந்தன என்று படித்ததிலிருந்து பார்க்க ஆசை. கோலார் மாதிரி இரும்புக் கோபுரம், மண்மேடு எல்லாம் இருக்கும் என்று நினைத்தோம். ஏமாற்றம்தான். எங்கே பார்த்தாலும் தேயிலை, மழை, பாதி மூடிய கடைகள். செத்துப்போன ஊர். ஒரு பையன் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு சுரங்க வாயைக் காட்டினான். உள்ளே கொஞ்ச தூரம் போனோம். மஞ்சளாக மின்னுகிற ஒரு கல்லை எடுத்து வந்தேன், படம் இணைத்திருக்கிறேன். தங்கமா? நல்ல சுரங்கம் பார்க்க எங்கே போக வேண்டும், எந்த மாதம் போகலாம்? அவ்வளவு பெரிய சுரங்க ஊர் ஏன் இப்படி அழிந்தது? நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கல்லை முதலில் முடித்துவிடுவோம். மின்னும் இடத்தில் ஊசியால் குத்துங்கள். நசுங்கினால் தங்கம், பொடிந்தால் பைரைட், தங்கம் மாதிரி மின்னுகிற இரும்புக் கந்தகக் கல். அனேகமாகப் பொடியும்.

அடுத்து, சுரங்கத்துக்குள் போனதை ஏதோ கோயில் பிராகாரம் சுற்றி வந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நேரில் இருந்தால் முதுகில் ரெண்டு வைத்திருப்பேன். நூறு வருஷத்துக்கு மேல் ஆன வளைகள் அவை. முட்டுக்கொடுத்த மரம் இற்றுப்போயிருக்கும், மண் ஊறியிருக்கும், உள்ளே காற்று இருக்காது. வனத்துறை அடைப்பதும், கல் எடுக்கப் போகிறவர்கள் இரவோடு இரவாகத் திறப்பதும் அங்கே வழக்கம். மூச்சு முட்டியும் மண் சரிந்தும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நீங்கள் மழைக்காலத்தில் போய் நுழைந்திருக்கிறீர்கள். நூறு ரூபாய்க்கு ஒரு சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு.

சரி, திட்டியாயிற்று. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அதே வாரம் என் அண்ணன் மகன் போன் செய்து, ஏதோ ஒரு திட்டத்தில் பணம் போடச் சொன்னான். அரை மணி நேரம் பேசினான். கம்பெனி என்ன செய்கிறது என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் பங்கு எவ்வளவு ஏறும் என்றுதான் சொன்னான். போனை வைத்ததும் எனக்கு நினைவு வந்தது தேவாலாதான்.

அங்கே தங்கம் இருந்தது என்பதை வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடிக்கவில்லை. பணியர்களும் குறும்பர்களும் ஓடை மணலை அலசி எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெள்ளைக்காரன் அந்த மலைக்கு ஏறியது காப்பிக்காக. அப்போது அது மலபார் ஜில்லாவின் வயநாடு. 1877-ல்தான் அந்தத் துண்டைப் பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். 1870-களில் காப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது. இலை கொட்டிய தோட்டமும் கடனுமாக துரைமார் உட்கார்ந்திருந்தார்கள். வாங்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து, 1879-ல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் பெரிய பதவியில் இருந்த பிரஃப் ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. அவர் மலை மலையாகச் சுற்றி, கல்லைச் சோதித்து, நம்பிக்கை தருகிற ஓர் அறிக்கையை எழுதிக் கொடுத்தார்.

அவ்வளவுதான், லண்டனில் தீப்பிடித்தது. 1880, 81-ல் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள். காகிதத்தில் அவற்றின் மொத்த மூலதனம் 40 லட்சம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல். அன்றைய பவுண்டு, யோசித்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பாறைப் பக்கமே வரவில்லை. நிலத்தை விற்றவர் கைக்கும் கம்பெனியைத் தொடங்கிவைத்த தரகர் கைக்கும் போனது. நேற்றுவரை நோய் பிடித்த காப்பித் தோட்டம், இன்றைக்குத் தங்க வயல். விலை பல மடங்கு. மிச்சப் பணத்தில் கல் இடிக்கும் இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார்கள். பாறைக்குள் தங்கம் ஓடுகிற ரேகை எவ்வளவு ஆழம் போகிறது, அதில் எவ்வளவு தேறும் என்று பார்ப்பதற்கு முன்பே இயந்திரம்! அரைத்துப் பார்த்தால் டன் கல்லுக்குச் சில கிராம். அதிலும் ஒரு பகுதி பைரைட்டுக்குள் சிக்கிக் கிடக்கிற தங்கம், பாதரசத்துக்கு அகப்படாது. அதைப் பிரிக்கிற சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்கியதே 1887-ல்தான். அதற்குள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாரும் கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஆக, 'அவ்வளவு பெரிய சுரங்க ஊர்' என்று நீங்கள் எழுதுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரிய சுரங்கம் இருந்தது லண்டனில். தோண்டியது பங்கு வாங்கினவர்களின் சட்டைப்பையை. தேவாலாவில் நீங்கள் பார்த்த பொந்துகள், அந்த வியாபாரத்துக்குக் காட்டிய முகப்பு. எந்தப் பத்திரிகைக் கட்டுரையைப் பாருங்கள், 'புதைந்த பொன் நகரம்', 'காலம் மறந்த சுரங்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மோசடிக்கு இவ்வளவு சோக சங்கீதமா? கோலார் வேறு கதை. அதே ஆண்டுகளில் அங்கேயும் லண்டன் பணம்தான் இறங்கியது, அங்கேயும் மூடுகிற நிலைமை வந்தது. 1880-களின் நடுவில் சாம்பியன் ரேகை அகப்பட்டதால் பிழைத்தது. 2001 பிப்ரவரி வரை தோண்டி, ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள். கோபுரமும் மண்மேடும் அதனால் நிற்கின்றன. தேவாலாவில் நிற்க என்ன இருக்கிறது?

ஆனால் தங்கம் பொய்யில்லை. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசிக் காம்பராவில் ஒரு பெரியப்பா இருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை; இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் ஒரே கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் எல்லாம் எங்களுக்குப் பெரியப்பா, சித்தப்பாதான். ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கிருந்தோ வெங்கச்சங்கல், அதாவது தங்கம் ஒளிந்திருக்கிற வெள்ளைக் குவார்ட்ஸ் கல், கொண்டுவருவார். எங்கிருந்து என்று பெரியம்மாகூடக் கேட்கமாட்டார். இரும்பு உலக்கையால் இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, ஆமை ஓட்டைப் போலக் குடைந்த மரத்தட்டில் கொட்டி, ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று அலசுவார். தட்டைச் சுழற்றச் சுழற்ற வெள்ளைப் பொடி போகும், பிறகு பழுப்பு போகும், கடைசியில் கறுப்பு மணல் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் நுனியில் மஞ்சளாக ஒரு கோடு, நகக்கண் அளவுகூட இருக்காது. அதில் பாதரசம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்ப்பார். பழைய வேட்டித் துணியில் வைத்துப் பிழிவார். துணியில் மிளகளவு சாம்பல் நிற உருண்டை தங்கும். அதைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டுவார். எங்களை மட்டும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர் குனிந்து ஊதுவார். சாம்பல் நிறம் போய் மஞ்சள் வரும். பஜாரில் கொடுத்தால் அரைவாசி விலைதான். திருட்டுத் தங்கத்துக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்?

கடைசிக் காலத்தில் அவரால் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கும். பாதரசத்தால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அந்த ஓடைத் தண்ணீர் பாண்டியாற்றில் சேர்ந்து, புன்னம்புழையாகி, நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் கலக்கிறது.

'செத்துப்போன ஊர்' என்கிறீர்கள். ஜூலையில் தேவாலாவுக்குப் போய் கடை மூடியிருக்கிறது என்று குறைப்படுகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் ஒன்று அது. 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசாங்கம் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பின்னால் டேன்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், ஆனது. நடுவதற்கு முன்னால் அந்த மலை ஒன்றும் ஆளில்லாமல் கிடக்கவில்லை, பணியர்களும் காட்டுநாயக்கர்களும் இருந்தார்கள். அதை எழுதினால் இந்தப் பதில் முடியாது. நான் சொல்ல வந்தது, நீங்கள் பைக்கில் தாண்டிப் போன அந்தப் பச்சை எல்லாம் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, விடியற்காலையில் எழுந்து, அட்டைக் கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு என் அம்மா வயசுப் பெண்கள் கொழுந்து கிள்ளிக் காப்பாற்றியது. லண்டன்காரன் சில வருஷத்தில் விட்டுப் போன ஊரில் இவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறீர்கள், இரும்புக் கோபுரம் இருந்தால் செல்ஃபி எடுத்திருப்பீர்கள்.

இப்போது அதுவும் ஆட்டம் காண்கிறது. 2022-ல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்துக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் கிள்ளியவர் எங்கே போவார்? இலங்கையிலிருந்து வந்ததும் தங்கவைத்த மண்டபம் முகாமுக்கா? சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்றால் கூடலூர், பந்தலூரில் நிலச் சிக்கல் தனிக் கதை. ஜன்மிகள் என்ற பழைய நிலப்பிரபுக்களின் உரிமையை ஒழிக்கிற ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-ல். அந்தச் சட்டத்தில் யாருக்கு என்று தீராமல் கிடக்கிற பிரிவு 17 நிலம் என்று சொல்லிப் பாருங்கள், டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டா இல்லாமலே தலைமுறைகள் ஓடிவிட்டன.

எந்த மாதம் என்று கேட்டீர்களே. டிசம்பர், ஜனவரி. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கைக் கூடலூரில் போட்டுவிட்டு நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று பஸ்ஸில் போங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்கிற அம்மாவிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். அட்டன் என்பார், பண்டாரவளை என்பார், எல்லாம் இலங்கைத் தேயிலை மலை ஊர்கள். சுரங்கத்துக்கு வழி எழுதித் தரமாட்டேன். இருட்டுவதற்குள் கூடலூர் திரும்பிவிட வேண்டும், யானை நடமாட்டம் அதிகம். நாலு பேரில் ஒருவரிடமாவது மழைக்கோட்டு இருந்ததா?